காயில்லாத கேரம் போர்டு

அக்டோபர் 15, செவ்வாய்

பெரியகுளத்தில் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வரும்போதே மழை. மாடி அறைக் கொடியில் ஈரச் சட்டையைப் போட்டேன். சட்டை என்னுடையது, கொடி தம்பி செல்வமணியுடையது. சுவர், ஆணி, மின்விசிறி, எல்லாம் அவனுடையவை. ‘பெரியவனுக்குப் படிப்பு, சின்னவனுக்கு வீடும் பாத்திரக்கடையும்’ என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எம்.ஏ. பட்டத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்க முடியுமா? ஐந்து வருடமாக அவனோடு பேச்சில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

படிக்கட்டு அடியில் என் கேரம் போர்டைக் காணோம்! கல்லூரிப் போட்டியில் ஜெயித்தது. எவரும் தொடக் கூடாதென்று சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன்.

தம்பி மனைவி ஜெபஷீலாவைக் கேட்டேன். “சர்ச்சுல இருந்து அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பொருள் கேட்டு வந்தாக அத்தான். சும்மா அங்கன கெடந்துச்சேன்னு குடுத்துட்டேன்.”

“என்னைக் கேட்டிருக்கலாமே?”

“நீங்க யாருகூடப் பேசுறீக, நான் கேக்குறதுக்கு?”

காய்கள் மட்டும் தப்பின. என் மேசைமேல், ஹார்லிக்ஸ் பாட்டிலில். கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

காணிக்கையாக வந்த பூசணிக்காய், சேவல், வாழைத்தார் எல்லாம் ஏலம் போன பிறகு போர்டு வந்தது. ஏலம் விட்டவர் ஜாஸ்பர். “போர்டு மட்டுந்தான், காய் கெடையாது” என்றார். காயில்லாத போர்டை என்னைத் தவிர எவன் கேட்பான் என்று கையைத் தூக்கினேன். எதிர்ப்பக்கம் ஒரு கை. செல்வமணி.

ஏற்றினேன். ஏற்றினான். மறுபடியும்.

“அண்ணனும் தம்பியும் சேந்து கோயிலுக்குக் காம்பவுண்டுச் சுவரே கட்டிக் குடுத்துருவாக போலயே!” என்றார் ஜாஸ்பர். கூட்டம் சிரித்தது. அதற்கு மேல் கேட்க என்னிடம் பணமில்லை. மூன்று தரம். அவனுக்கு.

வீட்டை எடுத்தான், கடையை எடுத்தான், இன்று ஊர் பார்க்க இதையும். இன்னும் என்னடா வேணும் ஒனக்கு?

அக்டோபர் 21, திங்கள்

போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவனே மாடியேறி வந்தான். “ஒன் பொருளு. இந்தாண்ணே.”

“பெறகு எதுக்குடா எனக்கு எதுத்துக் கேட்ட?” ஐந்து வருடத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

“தூக்கிக் குடுத்தது ஏ வீட்டு ஆளு. காசு நான்தான குடுக்கணும்? ஒன் பொருள நீயே வெலைக்கி வாங்குவியா? விட்ருன்னு கண்ணக் காட்டுறேன், நீ மொறச்சுக்கிட்டே ஏத்துற.”

உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. வீட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்குப் போய்விடவும் இல்லை.

போர்டைக் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தேன். எதிரே ஒரு நாற்காலி போட இடமில்லை.

அக்டோபர் 24, வியாழன்

முழங்கால் போர்டில் இடித்து வீங்கிவிட்டது.

அக்டோபர் 27, ஞாயிறு

செல்வமணி இன்னும் கோட்டைத் தாண்டிக் கையை வைத்துத்தான் அடிக்கிறான். கேட்டால், “ஒன் போர்டு, ஏ வீடு. சரியாப் போச்சு” என்கிறான். ஆட்டமே தெரியாத ஜெபஷீலா சிவப்பைப் போட்டுவிட்டாள்.

போர்டு கீழே கூடத்தில் இருக்கிறது. காய்களும் அங்கேதான். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.