கோள் சொன்ன தண்ணீர் பாட்டில்

வெள்ளிக்கிழமை, ஆடிக் கிருத்திகை

இன்று என் மகன் சேகரை அடித்தேன். கை இன்னும் எரிகிறது.

நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்று தன் போனுக்குச் சொல்லிவிடும் பாட்டில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். எனக்குக் கிட்னியில் கல், விரதம் கூடாதாம். கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீர் தொடாதவள் நான். மருமகள் லதாவிடம் மட்டும் சொல்லி, "அவங்கிட்ட மூச்சு உடாத" என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

மதியம் ஆபீஸிலிருந்து நேராக லதாவிடம் பாய்ந்து வந்தான்.

"எங்கம்மா ஒரு சொட்டு குடிக்கல. நீ இன்னாடி பண்ணிக்கினு கீற?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அறைந்தான். பீரோ முனையில் மோதிப் புருவம் கிழிந்தது. தரையெல்லாம் ரத்தம்.

அந்த இரும்பு பாட்டிலாலேயே அவன் முதுகில் ஓங்கி ஓங்கிப் போட்டேன்.

"உடும்மா, வலிக்குது!"

"அவளுக்கு வலிக்கலியாடா, நாயே? விரதம் இருந்தது நானு. என்னை அடி, பாக்கலாம்!"

பாட்டில் நசுங்கும்வரை விடவில்லை.

ஆனால் அவன் கை ஓங்கும் முன்பே இதைச் சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் திட்டு வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

லதாவுக்கு மூன்று தையல். என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.