பேசின் பிரிட்ஜில் நின்ற கடல்

பெட்டியைத் திறந்ததும் உப்பும் களிம்பும் கலந்த அந்த வாடை அடித்தது. குளிர்க்கடலில் இறங்குமுன் என் கழுத்திலும் தோளிலும் அப்பிவிட்டாயே, அதே களிம்பு. துணிகளுக்கு அடியில் நீ எழுதிய வெள்ளைப் பலகை. அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று வரிசையாக இறங்கி, கடைசியில் சென்ட்ரல்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து காலேஜுக்கு மூன்று வருடம் நாம் போன ரயில் பாதை. முதல்முறை அயர்லாந்துக் கடலில் ஒரு தீவு வரை நீந்தப் போனபோது, லீவு போட்டுவிட்டு நீ துணைப்படகில் வந்தாய். "மைல் கணக்கு சொன்னா பயந்துடுவே. நான் ஸ்டேஷன் பேரு சொல்றேன், நீந்திகினே வா." அரைமணிக்கு ஒருமுறை கயிற்றில் கஞ்சி பாட்டிலை இறக்கி, ஒரு ஸ்டேஷன் பெயரைக் கத்துவாய். இதெல்லாம் உங்கள் தெய்வங்களின் பெயரா என்று படகுக்காரர் கேட்டதற்குப் பக்தியாகத் தலையாட்டினாயாம்.

அந்த முறை தோற்றேன். தீவு கண்ணுக்குத் தெரிந்தது. நீரோட்டம் எதிர்த்துத் திரும்பியது. ஒரு மணி நேரம் கை போட்டும் அதே பாறை அதே இடத்தில் நின்றது. படகைத் தொட்டேன். தொட்டால் ஆட்டம் முடிந்தது, அதுதான் விதி. நீ போர்வையைப் போர்த்திவிட்டு, மிச்சக் கஞ்சியை என் கையில் கொடுத்தாய்.

ஊர் திரும்பிய மறுவாரம் சென்ட்ரலுக்குப் போனோம். சென்ட்ரலுக்கு முந்தின பேசின் பிரிட்ஜில், வழக்கம்போல சிக்னலுக்காக வண்டி நின்றது. பாதிப் பெட்டி குதித்துத் தண்டவாளத்தில் நடக்க ஆரம்பித்தது. நானும் எழுந்தேன். துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாய்.

"ஒக்காருடி. சிக்னல் போடுவான். அங்கயும் இதானே பண்ணே? சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியுது, எறங்கி நடந்துட்டே."

கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி கிளம்பி, நடந்து போனவர்களை முந்தியது. வெட்கமே இல்லாமல் அவர்களுக்குக் கையசைத்தாய்.

இரண்டாவது முறைக்கு நீ வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இந்தப் பலகையை எழுதினாய். "நான் வராட்டி இன்னா, போர்டு வரும்." இரண்டே மாதத்தில் போய்விட்டாய். உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். டிக்கெட்டை ரத்து செய்யப் பார்த்தேன். என்னால் முடியும் என்று தெரியும். முடித்துவிட்டு யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

படகில் என் வீட்டுக்காரர் வந்தார். கும்பகோணத்துக்காரர், எங்கேயும் பைக்கில் போகிறவர். பலகையை என்னைத் தொடவிடாமல் அவரே கட்டி எடுத்து வந்தார். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல ஸ்டேஷன்களை வாசித்தார். பேசின் பிரிட்ஜ் என்று அவர் வாசித்த நேரம், அதே பாறை, அதே எதிர்நீரோட்டம். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. படகை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன்.

அவர் பலகையைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கம், உன் கோணல் எழுத்தில், பெரிதாக:

"ஒக்காருடி. சிக்னல் போடுவான்."

நடுக்கடலில் எங்கேடி உட்காருவது? சிரித்ததில் ஒரு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போனது. நீச்சல் கண்ணாடிக்குள் அழுதேன். கையை இழுத்துக்கொண்டேன். எப்போது நீரோட்டம் விட்டது என்று தெரியாது. பாறை பின்னால் போயிருந்தது. பிறகு காலில் கல் தட்டியது.

"கடைசில நின்னுட்டா மட்டும் திருப்புங்க, இல்லேன்னா காட்டாதீங்கன்னு சொல்லியிருந்தாங்க" என்றார் அவர், கரையில்.

அடுத்த வருடம் வேறொரு கடலில் நீந்தப் பெயர் கொடுத்திருக்கிறேன். பலகையும் வரும்.

இன்று சென்ட்ரலுக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். பக்கத்தில் உன் இடத்தில் பையை வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்தே இருந்தேன்.