மருந்துக் குப்பியோடு விண்ணேறிய ஓலை

நலம் நிலைக்க, நிலம் செழிக்க. மழை முறை தவறாததும் வரி மட்டும் எப்போதாவது முறை தவறுவதுமான ஆழிமங்கல நாட்டை ஆள்பவனும், துறைமுகங்கள் அனைத்துக்கும் தலைவனும், பகைவர்க்கு அச்சமும் அரண்மனைப் பூனைக்கு இருக்கையுமாகிய விடங்க வேந்தன், மேகங்களுக்கு அப்பால் மிதக்கும் விண்கோட்டையின் தலைவியும், நம் அவைச் சட்டங்களின் காவலரும், நம் பால்பற்களைக் கூரைமேல் எறிந்தவருமாகிய தமக்கையார் நல்லினியாருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும், அதிலுள்ள வீரரும், அங்கே பெட்டியில் முளைவிட்டிருக்கும் கீரையும் வாழ்க. ஓலை அங்கே நில்லாமல் மிதக்கும் என்கிறார்கள். கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு படித்தருள்க.

செய்தி யாதெனில், அரண்மனை மருத்துவர் அரையன் கூத்தர் தங்கள் எலும்புகளின் படங்களை அவையில் விரித்துக் காட்டினார். எடையற்ற வெளியில் உடம்பைத் தாங்கும் வேலை இல்லாமற் போனதால், எலும்பு கட்டும் பணியை நிறுத்தச் சொல்லும் மரபணு ஒன்று ஓயாமல் ஆணையிடுகிறது என்றும், தசையை வளரவிடாத இன்னொன்று அதற்கு ஒத்து ஊதுகிறது என்றும், இந்நிலையில் தரையிறங்கினால் தாங்கள் எழுந்து நிற்கும்போதே இடுப்பு முறியக்கூடும் என்றும் சொன்னார். சொல்லி முடித்தவர் படங்களைச் சுருட்ட மறந்து நின்றார்.

அந்த ஆணைகளை அடக்கும் மருந்தைச் சென்ற விண்கலத்திலேயே அனுப்பியிருந்தோம். தாங்களோ குப்பியைத் திறவாமலே திருப்பி அனுப்பினீர்கள். பேச எழுந்தவர் எவர் வாயையும் அடைக்கலாகாது என்பது ஆழிமங்கலத்தின் முதற்சட்டம் என்றும், அதைக் காப்பதாகச் சூளுரைத்தவள் தன் உடம்புக்குள்ளேயே ஒருவரை வாயடைக்க மாட்டாள் என்றும் உடன் எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டு அவை பெருமையில் கண்கலங்கியது. நாம் கண்கலங்கியது வேறு காரணத்தால்.

அச்சட்டத்தின் அருமையை நாம் அறியாதவர் அல்லோம். வாய்க்கால் அமைச்சர் மாசாத்தர் ஒரு மதகைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது நடவு, முடித்தபோது அறுவடை. நெல் அவர் அனுமதிக்குக் காத்திராமல் விளைந்துவிட்டது. ஆயினும் எவரும் குறுக்கிடவில்லை. நடுவில் ஓரிருவர் உறங்கினர். உறக்கத்தைச் சட்டம் தடுக்கவில்லை.

ஆகவே கூத்தரைத் தனியே அழைத்து, மருந்து அந்த மரபணுவை என்னதான் செய்கிறது என்று வினவினோம். அவர் பணிந்து கூறியதாவது: மரபணு தன் இருக்கையை விட்டு எழுவதே இல்லை, அது சொல்வதைப் படியெடுத்துக்கொண்டு தூது ஒன்று உயிரணுவின் பட்டறைக்கு ஓடுகிறது, பட்டறையார் அந்தப் படியைப் பார்த்தே வேலை செய்கின்றனர். மருந்து நடுவழியில் நின்று படியை மட்டும் வாங்கிக் கிழித்துவிடுகிறது. மூலத்தில் ஓர் எழுத்தும் அழியாது. மரபணு தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம். மருந்தின் வலிமை சில திங்களில் தேய்ந்துபோக, அதன் பேச்சு மறுபடி பட்டறையை எட்டும். எட்டவும் வேண்டும், ஏனெனில் எலும்பு அளவுமீறித் தடிக்காமல் காப்பது அந்தக் குரலே. அது பகைவன் இல்லை, பாவம், இடம் தெரியாமல் பேசுகிறது என்றார்.

இதைக் கேட்டபோது நமக்கு அரண்மனையின் தென்வாயில் நினைவுக்கு வந்தது.

தந்தையார் மறைந்து நாம் அரியணையில் அமர்த்தப்பட்டபோது நம் கால் தரையைத் தொடவில்லை. அரசன் வாயையும் அடைக்கலாகாது ஆதலால் நாள்தோறும் ஆணையிட்டோம். பட்டத்து யானைக்கு மீசை வரைக என்றோம். பாகற்காயை நாடுகடத்துக என்றோம். பரிசாக வந்த காற்றாடி பறக்கவில்லை என்பதற்காக அண்டை நாட்டின்மீது போர் அறிவித்தோம். எழுத்தர் முகம் மாறாமல் படியெடுத்தார். படியோலை உரியவர் முன் வாசிக்கப்பட்ட பிறகே ஆணை உயிர்பெறும் என்பது நம் வழக்கம் அல்லவா? போர் வரவில்லை. பாகற்காய் சந்தையிலேயே இருந்தது. இது நம் ஆட்சித் திறம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

தமக்கையாரே, தென்வாயிலில் தாங்கள் நின்றதை நாம் அறிவோம். ஓலைக்காரரை உட்காரவைத்து மோர் கொடுத்து, படியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டதை மாடத்துச் சாளரத்தின் வழியே ஒருநாள் கண்டோம். கண்டும் கேட்கவில்லை, கேட்டால் நிறுத்திவிடுவீர்களோ என்று அஞ்சினோம். பேசாதே என்று தாங்கள் நம்மிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பாகற்காய் பற்றிய ஆணை முழுவதையும் அவையில் நின்று, தலையசைத்துக் கேட்டீர்கள். நம் சொல்லில் ஓரளவு பொருள் சேர்ந்தபின் வாயிலைவிட்டுத் தாங்களாகவே விலகிக்கொண்டீர்கள். அன்று நம் வாய் அடைக்கப்படவில்லை. வளர அவகாசம் கிடைத்தது. இந்த மருந்தும் வாயிலில் நின்று மோர் கொடுப்பதன்றி வேறொன்றும் செய்யவில்லை.

தாங்கள் விண்ணேறியபின் பிறந்த நம் மகள் வஞ்சி, தூணைப் பிடித்து நிற்கப் பழகிவிட்டாள். கையை விடு என்றால் முறைக்கிறாள். அத்தை வந்து கைபிடித்து நடத்துவார் என்று சொல்லிவைத்திருக்கிறோம். இன்றைய நிலையில் அத்தையையே இருவர் தூக்கவேண்டும் என்பதை அவளிடம் யார் சொல்வது என்று அவையில் கேட்டோம். மாசாத்தரே மதகைப் பார்க்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

ஆதலால் கட்டளை. மூத்தவருக்குக் கட்டளையிட நமக்கு இன்னும் கூச்சமே. எனினும் முத்திரை கையில் இருக்கிறது. இவ்வோலையோடு மறுபடி வரும் குப்பியைத் திறந்து, கோட்டை மருத்துவர் கையால் மருந்தை ஏற்றிக்கொண்டு, எலும்பு தேறியதென்று அவர் சொன்னபின் இறங்கி, சொந்தக் காலில் நம் வாயிலுக்குள் வருக.

இது அரசின் நண்டு முத்திரை இட்டு நம் கையாலேயே எழுதியது. வழக்கப்படி படியெடுக்க எழுத்தர் வந்து நின்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். இதற்குப் படி இல்லை, அக்கா. மூலமே வந்திருக்கிறது. வழியில் வாங்கி இடுப்பில் செருக ஆளும் இல்லை.

தாங்களே படித்தாயிற்று, ஆணை உயிர்பெற்றது. இனி நடப்பிக்க.