பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

வெள்ளவத்தை, செவ்வாய் இரவு.

தங்கை மகள் செல்வியின் உளவியல் ஆராய்ச்சிக்குக் கம்பஸ் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஆட்களை, நேற்று ஒரே நடையில் பக்கத்து லொட்ஜில் பிடித்தேன். எல்லோரும் விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள். அமைதியான அறையில் ஒரு குழு, காலி வீதி வாகனச் சத்தத்தில் ஒரு குழு, ரயில் பாதையோரம் ஒரு குழு. சத்தம் நினைவைக் குழப்புமா என்று பார்க்க, பன்னிரண்டு சொற்களைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து சொல்லவேண்டும். இன்று அத்தனை பேரும் பன்னிரண்டையும் சொன்னார்கள். உலகத்தில் எங்கும் நடந்திராது.

செல்வி கல்குலேட்டரைத் தள்ளி வைத்தாள்.

"மாமா, ஒரே குழுவுக்குள்ள ஆளுக்காள் வித்தியாசம் பூச்சியமெண்டா, குழுவுக்குக் குழு வித்தியாசத்தை நான் எதால பிரிக்கிறது? சொல்லுகளை முன்னமே காட்டினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. எங்கட ஆக்களை மொக்கர் எண்டு கம்பஸில கதைக்கக் கூடாதெல்லே. எம்பசிக் கேள்வியையே பாடமாக்கிற சனம், ஒரு ராவில விழுங்கிட்டுதுகள்."

"வெள்ளிக்கிழமை நான் ரிப்போர்ட் குடுக்கவேணும், மாமா."

அழப்போகிறாள் என்று பயந்தேன். சிரித்துவிட்டாள்.

"நாளைக்கு வேற ஆக்கள், வேற சொல்லு. நீங்களும் ஒராளா இருங்கோ. பிழை வந்தா வரட்டும், அதுதான் எனக்கு வேணும்."

என்னிடம் பிழை வேண்டுமென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதில் என்னை வெல்ல வெள்ளவத்தையில் ஆளில்லை.