அடுப்பில்லாத பத்து நாள்

பிப்ரவரி 3, திங்கள்

அரக்கோணத்தில் இறங்கி மின்சார ரயிலில் திருவள்ளூர். லாட்ஜ் அறை எண் 11.

புனே வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் மறந்தது இரண்டு முறை. மூன்று என்கிறாள் மருமகள் பூமிகா. மனைவி மணியம்மாள் போன இந்த ஒரு வருடமாக அந்த வீட்டில் நான் ஒரு விருந்தாளி, அதுவும் ஆபத்தான விருந்தாளி. பத்து நாள் இங்கே தனியாக இருந்து காட்டினால் இங்கேயே ஒரு அறை பார்த்துத் தருவதாக மகன் பார்த்திபன் சொல்லியிருக்கிறான். என் வாதம் ஒன்றுதான். இந்த ஊரில் ஒரு பென்ஷன்காரன் அடுப்பே பற்ற வைக்காமல் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட முடியும்.

ஸ்டேஷன் அருகே தள்ளுவண்டியில் இட்லி, வடைகறி. முப்பத்தொரு வருடம் வாழ்ந்த ஊரின் ருசி அப்படியே இருந்தது. கண் கலங்கியது. காரத்தாலும் இருக்கலாம்.

பிப்ரவரி 4

புது மாத்திரை அட்டை பிரித்தேன். பதினைந்து. தினமும் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புமுன்.

பிப்ரவரி 5, புதன்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் செண்பகம் மெஸ் இன்னும் நடக்கிறது. அளவுச் சாப்பாடு அறுபது ரூபாய். பெயர்தான் அளவு. ரசத்துக்குக் கேட்காமலே சோறு விழுகிறது. நான் பெயின்ட் கம்பெனி லேபில் இருந்தபோது, மணியம்மாள் டிபன் கட்டித் தராத நாட்களில் இங்கேதான் சாப்பிடுவேன்.

ஷிப்ட் முடிந்து வந்த பையன் ஒருவன், "இன்னா தாத்தா, புதுசா வேலைக்குச் சேந்துக்கிறியா?" என்றான்.

"வாய மூடிகினு துன்னு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவுரு இங்க கெமிஸ்ட்டு" என்றாள் செண்பகம்.

நான் தலை குனிந்து சாப்பிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னைத் தெரியும் என்று ஒருவர் சொன்னார்.

பிப்ரவரி 6

நேற்றைப் போலவே. நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மதியம் 12.40. மெஸ். சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம்.

மதியம் 2.15. மெஸ். சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம். கூட்டமில்லை. செண்பகம் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு இலை போட்டாள். சோறு இறங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கும்மிடிப்பூண்டியிலிருந்து பாக்கியராஜ் பஸ் பிடித்து வந்தான். லேபில் என் உதவியாளன், இப்போது அவனுக்கே அறுபத்தாறு. பெரியபாளையம் போகும் சாலையில் கூட்டிப்போய்க் கேழ்வரகுக் கூழ் வாங்கித் தந்தான். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்.

"இங்கியே வந்துடுங்க சார். வாராவாரம் நான் வந்துகினே இருப்பேன்."

ஆசை வருகிறது. ஆசைப்படலாமா? இன்னும் நான்கு நாள்தானே.

பிப்ரவரி 10, திங்கள்

மெஸ்ஸில் உட்கார்ந்ததும் செண்பகம் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"சார், நீங்க சாப்ட்டுப் போயி ஒரு மணி நேரம்கூட ஆவல. வெள்ளிக்கெழமையும் இப்டித்தான் ரெண்டு தபா வந்தீங்க. பசிக்குதுன்னா சொல்லுங்க, போடறேன். மறந்துட்டீங்கன்னா அத்தச் சொல்லுங்க."

நான், "பசிதாம்மா" என்றேன்.

அதை நிரூபிக்க முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். மோர் வரை. அறைக்கு வந்து வாந்தி.

பிறகு இந்த நோட்டைத் திறந்து வெள்ளிக்கிழமையைப் பார்த்தேன். இரண்டு குறிப்பு. இரண்டும் என் கையெழுத்து. எழுதும்போது மேலே இருந்ததை ஏன் படிக்கவில்லை? எப்படிப் படிக்காமல்... இன்னா ஆச்சு எனக்கு? யாரைப் போய்க் கேப்பேன்?

மாத்திரை அட்டையை எண்ணினேன். நான்காம் தேதியிலிருந்து ஏழு நாள். எட்டு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஆறு.

லேபில் என் விதி: ஒரே சாம்பிளை இருமுறை சோதி, இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போடு. நோட்டும் அட்டையும் ஒத்துப்போகின்றன.

பிப்ரவரி 11, செவ்வாய்

பார்த்திபன் போன் செய்தான். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்றேன். பொய்யில்லை.

மெஸ்ஸுக்குப் போகவில்லை. பன்னும் வாழைப்பழமும் அறையில். போயிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்குமா?

பிப்ரவரி 12, புதன்

இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை கிடைத்துவிடும். சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளச் செண்பகம் இருக்கிறாள். மாத்திரையை யார் எண்ணுவது? என்னை நம்பி நானே எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பதினொரு மணிக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தேதிவாரியாக, நோட்டைப் பார்த்துப் படித்தேன். கடைசியில், "வந்து கூட்டிட்டுப் போப்பா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான், குரல் விட்டுவிட்டுக் கேட்டது. அழுதானோ என்னவோ. லைன் சரியில்லாமலும் இருக்கலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பார்த்திபன் வந்தான். மதியம் மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். செண்பகம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "சாருக்கு எப்பவும் கண்ணு இந்த ரசத்துமேலதான்" என்று அவனுக்கும் இரண்டு கரண்டி ஊற்றினாள். நிமிராமல் சாப்பிட்டான்.

"அறுபது ரூபாய்க்கு இப்படியாப்பா? நீங்க சொன்னது சரிதான்" என்றான்.

சரிதான். அதில் தப்பே இல்லை.

பிப்ரவரி 27, வியாழன், புனே

மதியம் இரண்டு சப்பாத்தி, பருப்பு. மாத்திரை ஒன்று. சாப்பிட்டாகிவிட்டது என்று பூமிகா சொன்னாள். எழுதிக்கொண்டேன்.