கதிரை மாறி இருந்தவளுக்கு

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் சேற்று மணம் அறைக்குள் வந்தது. உனக்குத் தெரிந்த மணம்தான். நாள் கணக்காக நிரம்பிக் கிடந்த வாவி ஓர் இரவில் இறங்கி, கரையோரம் கறுத்த சேறு வெளியே தெரியும்போது எழுகிற மணம். முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள் என்று யாரும் சொல்லாமலே விளங்கியது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற அந்த மணல் திட்டைத் திறந்தால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். அது என் வீட்டுக்கு ஒரு செய்தி, உன் வீட்டுக்கு வேறொரு செய்தி.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இரண்டு அழைப்புகள். முதலில் என் அப்பா, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்ததிலிருந்து எங்கள் வயல்வட்டை முழுவதும் நீருக்குள் கிடந்தது. இப்போது பயிரின் தலை தெரிகிறது என்றார். குரலில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு. அடுத்தது உன் அம்மா, அமிர்தகழியிலிருந்து. வாவிக்குள் கட்டியிருந்த வலைகளைக் கழற்ற அவகாசமில்லாமல் நீரின் இழுவை அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். உன் அப்பா விடியற்காலையிலிருந்து வாசலில் பேசாமல் இருக்கிறாராம். அதைச் சொன்ன கையோடு உன் தங்கையைப் பற்றித் தொடங்கினார். சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. உயர்தரத்துக்குக் கலைப்பிரிவுதான், புவியியலும் அரசறிவியலும்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாளைக்குப் பாடசாலையில் முடிவு சொல்லியாக வேண்டும்.

"நீ வந்து சொல்லு புள்ள, கொமர்ஸ் எடுக்கச் சொல்லு. உன்ர சொல்லத்தான் கேப்பாள்."

வருகிறேன் என்றேன். வணிகம் படித்து, காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவள் நான். நீ புவியியலில் பட்டம் வாங்கிவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருந்தவள். அப்படிக் காத்திருந்த காலத்தில்தான் உன் உயிரை எடுத்த காய்ச்சல் வந்தது. உன் அம்மாவின் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நீ படித்த பாடமே உன்னைக் கொண்டுபோனதுபோலப் பேசுகிறார்.

கந்தோரில் இன்று ஒரு வேலையும் ஓடவில்லை. நாம் ஒன்றாகப் படித்த பத்தாம் ஆண்டு வகுப்பறையே திரும்பத் திரும்ப வந்து நின்றது.

பிணக்குகளைத் தீர்ப்பது பற்றிய குடியியற் பாடம். முகத்துவாரம் வெட்டுவதா வேண்டாமா என்று ஒரு கூட்டம் நடப்பதுபோல நடிக்கச் சொன்னார் ரீச்சர். மேசைக்கு இருபுறமும் உட்காரக் கதிரைகள். ஒருபக்கம் வேளாண்மைக்காரர், மறுபக்கம் மீன் பிடிக்கிறவர். யார் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, உன்னைத் தவிர.

"கதிரைய மாத்துவம்," என்றாய். "நீ என்ர அப்பா, நான் உன்ர அப்பா. நமக்குத் தெரிஞ்சதையே கத்தி என்னகா பிரயோசனம்?"

அதற்காக நீ வலையிறவுப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பாவின் பின்னால் வரம்பு வரம்பாக நடந்து, எத்தனை நாள் நீர் நின்றால் பயிர் அழுகும், எந்தப் பருவத்தில் தாங்கும் என்று துளைத்தெடுத்தாய். கால் வழுக்கி வாய்க்காலில் விழுந்தபோதும் கேள்வி நிற்கவில்லை. அப்பா இன்றும் உன்னைக் கேள்விக்காரி என்றுதான் சொல்வார். நான் உன் அப்பாவின் தோணியில் ஏறினேன். அவர் அதிகம் பேசவில்லை. முகத்துவாரத்தைத் திறந்தால் இவ்வளவு நாளும் உள்ளே வளர்ந்த இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மட்டும் சொன்னார். அதுவரை வாவி எனக்குப் பஸ்ஸிலிருந்து பார்க்கிற நீர்.

வகுப்பில் நீ கழுத்துப்பட்டியைக் கழற்றித் தலைப்பாகை கட்டினாய். இல்லாத வெற்றிலையை மென்றபடி, என் அப்பாவின் குரலிலேயே, "வேளாண்மை அழுகிப்போனா மறுகா நீங்க ஆருக்கு மீன் விக்கப்போற?" என்று கேட்டாய். ரீச்சரும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். உன் அப்பாவாக இருந்த நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பேசுகா" என்று மேசைக்குக் கீழே காலால் தட்டினாய். அதன் பிறகுதான் இறாலைப் பற்றிச் சொன்னேன். என் அப்பாவுக்கு எதிராக நான் பேசிய முதல் பேச்சு அது.

கைதூக்கி முடிவெடுக்கப் போனபோது நீ தலைப்பாகையை அவிழ்த்துவிட்டாய்.

"ரீச்சர், மெய்யாவே கூட்டம் நடக்கக்குள்ள இவங்க ரெண்டு பேருக்கும் கதிரை போடுவாங்களா? ஆரைக் கூப்பிடுற எண்டு ஆரு முடிவெடுக்கிற?"

தனக்குத் தெரியாது என்று ரீச்சர் சொன்னார். மணியடித்தது. எல்லோரும் அடுத்த பாடத்துக்குப் புத்தகம் எடுத்தார்கள். நீ மட்டும் எடுக்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். தூர தேசத்து ஆறுகளுக்காக நடந்த சண்டைகளெல்லாம் தெரியும். என் ஜன்னலுக்குக் கீழே ஏறி இறங்குகிற நீரைப் பற்றி நீ கேட்டதற்கு இன்னும் பதில் தெரியாது.

வேலை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம், வேலை, காத்திருக்கத் தேவையில்லாத வாழ்க்கை என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். தொடங்குவதற்கு முன்னால் உன் தங்கை கேட்டாள்.

"அக்கா, வெட்டுறத்துக்கு ஒரு கூட்டம் நடந்ததாம். அப்பாக்கு ஒருத்தரும் சொல்லல்ல. ஆரெல்லாம் போனதெண்டு எங்க போய்க் கேக்கிற?"

நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் பாலர் வகுப்பில் இருந்தாள்.

"கேட்டா வலை திரும்பி வருமா?" என்றார் உன் அம்மா. "ஒருத்தி கேட்டுக் கேட்டுப் போனது காணாதா?"

வாசலில் இருந்த உன் அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

வாவிக்கரையில் நின்று என் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வலைகள் போன கதையைச் சொன்னேன். உங்கள் பயிருக்காகத்தானே வெட்டினார்கள், அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் யோசிக்கவில்லையா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"எந்தக் கூட்டம் புள்ள?" என்றார் அப்பா. "நமக்கும் தண்ணி இறங்கின புறகுதான் தெரியும்."

இரண்டு கதிரையும் காலி. அன்று நீ கேட்டது இதைத்தான். தோற்றவர் வீட்டில் மட்டும் அந்தக் காலிக் கதிரையைத் தேடிக்கொண்டிருந்தேன் நான்.

அங்கே நின்றபடியே உன் அம்மாவுக்கு எடுத்தேன். அவள் விரும்பியதைப் படிக்க விடுங்கள் என்றேன். வேலை கிடைக்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் அது பொய். ஆனால் இந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது, யாரிடம், எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்று படிக்காவிட்டால், அடுத்த மாரியிலும் உங்கள் வீட்டில் ஒருவர் வாசலில் பேசாமல்தான் இருப்பார் என்றேன்.

"அப்ப நீயே நாளைக்கு அவளோட போ. எனக்கு ஏலா," என்றார்.

போகிறேன். பயமாக இருக்கிறது. அவளும் உன்னைப்போலக் காத்திருக்க நேர்ந்தால் உன் அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சேற்று மணம் இன்னும் அறைக்குள் நிற்கிறது. அன்று உன் அப்பாவின் கதிரையில் உட்கார்ந்த நான் இன்னும் எழும்பவில்லை. வாயில் சொல் வராமல் நான் மேசையைப் பார்க்கிற நேரமெல்லாம் கீழே உன் கால் தட்டுகிறது.