கூடுதலாக ஒரு நாள்

ஏப்ரல் 27, ஞாயிறு

மாத்திரை காலை எட்டுக்கு, இரவு எட்டுக்கு. தூக்கம் ஏழு மணி நேரம். வலிப்பு இல்லை.

டாக்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். ஆனால் இந்த நோட்டில் பக்கம் பெரிதாக இருக்கிறது, அறையில் பேச ஆளும் இல்லை. மீதியையும் எழுதி வைக்கிறேன்.

சித்தூரிலிருந்து பிரியா போன் செய்தாள். எங்கள் மகள் ரக்ஷிதாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ரேணிகுண்டா ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் தண்ணீர் பார்க்குக்கு அவள் வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்களாம்.

"நைனா வந்தாதான் போவேன்னு அடம் புடிக்கிறா. மே பதினாறு, பதினேழு, ரெண்டு நாளு. நானும் அவளும் அங்கயே ரூம் எடுத்துனு தங்கிக்கிறோம். நீ காலையில வந்துட்டு சாயங்காலம் உன் ரூமுக்குப் போய்டு."

சரி என்றேன். இரண்டு வருடத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஓரிடத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகு காலண்டரைப் பார்த்தேன். பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. அந்த ஒரு நாளையும் கேட்டால் என்ன?

ஏப்ரல் 29, செவ்வாய்

மாத்திரை எட்டு, எட்டு. தூக்கம் ஆறு. வலிப்பு இல்லை.

கேட்டுவிட்டேன். "பதினெட்டாம் தேதி பாப்பாவ எங்கிட்ட விடு. திருப்பதியச் சுத்திக் காட்டிட்டு சாயங்காலம் நானே சித்தூருக்குக் கூட்டினு வந்து விடுறேன்."

அவள் கேட்டது ஒரே வார்த்தை: "எதுல?"

"பஸ்ல. வண்டியத் தொட மாட்டேன் பிரியா."

"எந்த பஸ்ஸு, எங்க எறங்குவீங்க, எங்க சாப்புடுவீங்க, எல்லாம் எழுதி அனுப்பு. பாத்துட்டு சொல்றேன்."

மே 1, வியாழன்

அவள் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பிச்சாட்டூர் அணைக்குப் போகிற ரோடு. நான் ஓட்டினேன், பிரியா பக்கத்தில், ரக்ஷி பின்னால். வாயில் இரும்புக் காசு போட்டதுபோல ஒரு ருசி வந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கார் நிலக்கடலைக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. ரக்ஷிக்கு இடது கை முறிந்திருந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது.

பிரியா என்னை விட்டுப் போனது அதற்காக இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் "இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்டார். இரண்டு தடவை வந்திருக்கிறது, ஃபேக்டரி பாத்ரூமில், என்று சொன்னேன். அவளுக்கு முன்னால்தான் சொன்னேன். எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயம். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் அப்படியே இருக்கிறது. "தெரிஞ்சே எம் பொண்ண உக்கார வெச்சி ஓட்டினியா?"

ஆமாம். தெரிஞ்சேதான் ஓட்டினேன்.

மே 4, ஞாயிறு

மாத்திரை எட்டு, எட்டு. தூக்கம் ஏழு. வலிப்பு இல்லை.

எழுதி அனுப்புவதற்கு முன் நானே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அலிபிரி பக்கம் இருபது நிமிடம். முதலில் அறிவியல் மையம். வாசலில் இருந்த காவலாளி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பிள்ளலு ஏரி சார்?" பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறார். பதினெட்டாம் தேதி வருவாள் என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

உள்ளே நம் உருவம் கோணலாகத் தெரிகிற கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றில் குள்ளமாகவும் ஒன்றில் பனைமரம் மாதிரியும் தெரிந்தேன். ரக்ஷி இங்கே அரை மணி நேரமாவது நிற்பாள். அங்கிருந்து மிருகக்காட்சி சாலை ஆட்டோவில் பக்கம்தான், ஆனால் உள்ளே நடை அதிகம், மே மாத வெயில். அதை விட்டுவிட்டேன்.

சந்திரகிரிக் கோட்டை நல்லது. சித்தூர் போகிற வழியிலேயே இருக்கிறது. பார்த்து முடித்ததும் திரும்பி வராமல் அங்கேயே சித்தூர் பஸ் ஏறிவிடலாம்.

மே 11, ஞாயிறு

மறுபடியும் போனேன். இந்தத் தடவை பெண்கள் கழிப்பறை எங்கே, நல்ல தண்ணீர் எங்கே, பகல் ஒரு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். கோட்டைப் புல்வெளியில் எல்லாரும் குடும்பமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பசியில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஹரிபாபு பார்த்துவிட்டான். கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிற பிரிவில் என் பக்கத்து சீட். "ஏமி ஜெகன், ஒக்கடிவே வச்சாவா?" தனியாகவா வந்தாய் என்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நாளுக்கு ரெண்டு தடவ ரிஹர்சலா?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

இரவு பிரியாவுக்கு எழுதி அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

மே 13, செவ்வாய்

பதில் வந்தது. "சரி. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சித்தூர்ல இருக்கணும்."

மே 16, வெள்ளி

மாத்திரை எட்டு, எட்டு. தூக்கம் ஆறரை. வலிப்பு இல்லை.

ரக்ஷி வளர்ந்துவிட்டாள். பார்க் கேட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலை என் நெஞ்சுக்கு வருகிறது.

ஒவ்வொரு சறுக்கு மேடை வாசலிலும் ஒரு போர்டு. இதய நோய், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. விசில் வைத்திருந்த பையன் "நீங்க வாங்க சார்" என்று கையைக் காட்டினான். எனக்கு ஃபிட்ஸ் இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரியாவும் பார்த்தாள்.

நாள் முழுக்கக் கீழே நின்றேன். இரண்டு ஜோடி செருப்பு, துண்டு, பிரியாவின் கைப்பை. அவர்கள் இருவரும் கத்திக்கொண்டே தண்ணீரில் வந்து விழும்போதெல்லாம் கையசைத்தேன். ரக்ஷி மட்டும் பதிலுக்கு அசைத்தாள்.

மே 17, சனி

இன்றும் அப்படியே. மத்தியானம் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். ரக்ஷி தெலுங்கில் ஒரு ஜோக் சொன்னாள். பிரியா சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒரே நேரத்தில் சிரித்ததும் இருவரும் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

நாளை காலை எட்டு மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு பிரியா சித்தூர் போகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் மருந்துக் கடையில் அவள் பில் போட வேண்டும்.

தூக்கம் வர வேண்டும். வர வேண்டும் என்று நினைத்தாலே வராது.

மே 19, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனி இரவு தூங்கியது மூன்று மணி நேரம். தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். காலையில் பல் துலக்கும்போதே யோசித்தேன்: போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொல்லவில்லை. ஒரு நாள்தானே, ஒரே ஒரு நாள் என்று கிளம்பிவிட்டேன்.

காலை நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் ரக்ஷி முக்கால் மணி நேரம் நின்றாள். "நைனா, நீ கொழக்கட்ட மாதிரி கீற!" என்று கத்தினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு போர்டையும் தெலுங்கில் படித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டு வந்தேன்.

சந்திரகிரியில் மதியம் இரண்டு மணி இருக்கும். கோட்டைக்குள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த இரும்பு ருசி வந்தது.

"பாப்பா, நைனாவுக்கு வரப் போவுது" என்று சொன்னேன். சொல்லும்போது அவள் கையைப் பார்த்தேன். முறிந்து சேர்ந்த அந்த இடது கை. அவ்வளவுதான் எனக்கு நினைவு.

மீதி எல்லாம் பொன்னியம்மா சொன்னது. மரத்துக்குப் பக்கத்தில் நுங்கு விற்கிறவர், நகரிப் பக்கத்துத் தமிழர். "கூட்டம் கூடிச்சி. ஒருத்தன் சாவி குடு, கையில இரும்பு குடுன்னு வந்தான். உம் பொண்ணு உடல. சாவி வேணாம், ஒருக்களிச்சிப் படுக்க வைங்க, கையக் கால அமுக்காதீங்கன்னு அதட்டுது. தன் பைய எடுத்து உன் தலைக்கு வெச்சிது. போன்ல மணி பாத்துக்கினே இருந்திது. அஞ்சி நிமிசம் தாண்டினா நூத்தியெட்டுக்குப் போன் பண்ணணும்னு சொல்லிக்கினே இருந்திச்சி. ஒம்போது வயசுன்னா நம்ப முடில."

எனக்குத் தெளிந்தபோது ரக்ஷி என் பக்கத்தில் குந்தியிருந்தாள். "ரெண்டு நிமிசம் பத்து செகண்ட் நைனா" என்றாள்.

"யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"அம்மாதான். தலகாணிய நீன்னு வெச்சி பண்ணிக் காட்டிச்சி. நான் நாலு வாட்டி பண்ணேன்."

திரும்பிப் படுத்துக்கொண்டேன். பொன்னியம்மா பார்க்காமல் அழ முடியவில்லை. அவர் ஒரு நுங்கைச் சீவி ரக்ஷியிடம் கொடுத்து, "நீ துன்னு கண்ணு, அவுரு படுக்கட்டும்" என்றார்.

கொஞ்சம் பேச வந்ததும் போனை எடுத்தேன். ரக்ஷி கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாத நைனா. நான் சொல்ல மாட்டேன். சொன்னா இனிமே அனுப்பாது."

அவள் சொல்வது நிஜம். பொன்னியம்மாவுக்கு பிரியாவைத் தெரியாது. ஆறு மணிக்குள் சித்தூர் போய்விடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் மறைத்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம்? — ஆனால் மறைக்கிறது இப்போ நான் இல்ல, எம் பொண்ணு. ஒம்போது வயசுல அதத் தூக்கினு திரியணுமா அவ?

போன் செய்தேன். "பிரியா, வந்துடிச்சி. ரெண்டு நிமிசம். பாப்பா நல்லா இருக்கா. நேத்து ராத்திரி மூணு மணி நேரந்தான் தூங்கினேன். தெரிஞ்சேதான் வந்தேன்."

"எங்க கீறீங்க?"

"சந்திரகிரிக் கோட்டைல."

"அங்கயே இருங்க."

கடையில் சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்தாள். ஐந்து மணி ஆகிவிட்டது. முதலில் ரக்ஷியைத் தடவிப் பார்த்தாள், பிறகு என் நெற்றியில் இருந்த மண்ணைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொன்னியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் போன் செய்து வரவழைத்திருந்த ஹரிபாபுவிடம், "ரூம்ல தனியா உடாதீங்கண்ணா, இன்னிக்கு ஒரு நாளு" என்றாள்.

அவர்கள் சித்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். ரக்ஷி பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். நாங்கள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க பஸ் ஏறினோம்.

மே 23, வெள்ளி

டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். "தனியாவா இருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார்.

மே 25, ஞாயிறு

மாத்திரை எட்டு, எட்டு. தூக்கம் எட்டு. வலிப்பு இல்லை. போன் இல்லை.

மே 28, புதன்

போன் இல்லை. நானும் செய்யவில்லை. என்ன உரிமையில் செய்வது?

கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவன் மகளோடு வீடியோ காலில் கம்பெனி இருக்கிற ஸ்ரீசிட்டி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். காதில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

மாலை பிரியாவின் போன். எடுத்ததும், "புது மாத்திரை என்ன டோஸு? சொல்லு, எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"அத ஏன் கேக்குற?"

"வீட்ல ஒரு அட்ட மாத்திர வாங்கி வெச்சிக்கலாம்னு." பிறகு அவளே தொடர்ந்தாள். "பொண்ணு என்னான்னா, நான் சொல்ல வேணாம்னேன், நைனா கேக்கவே இல்லன்னு அழுவுறா. அவளத் தனியா அங்க அனுப்ப மாட்டேன் ஜெகா. அது முடியாது. நீ வேணும்னா ஞாயித்துக்கெழம இங்க வா. மதியம் சாப்ட்டுட்டுப் போ. ராத்திரி நல்லா தூங்கினா மட்டும் வா. தூங்கலன்னா போன் பண்ணி சொல்லிடு."

"ம்" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

போகவில்லை. நான்கு மணி நேரம்தான் தூங்கினேன். காலை ஆறு மணிக்கே போன் செய்து சொல்லிவிட்டேன். "சரி, படு" என்றாள். கோபம் இல்லை.

நாள் முழுக்க அறையிலேயே இருந்தேன். கீழே தெருவில் மொட்டை போட்ட குடும்பம் ஒன்று வழி தெரியாமல் நின்றிருந்தது. இறங்கிப் போய் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லிவிட்டு வந்தேன். இன்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு, சித்தூர்

தூக்கம் ஏழரை மணி நேரம். போன் செய்து சொல்லிவிட்டே பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமைதான் பள்ளி திறந்திருக்கிறது. ரக்ஷியின் புத்தகங்களுக்கெல்லாம் உட்கார்ந்து அட்டை போட்டோம். பிரியா கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டதும் கண் சொருகியது. ஐந்தரை பஸ்ஸுக்குப் போக வேண்டும், கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று ஹாலில் பாயில் படுத்தேன்.

விழித்தபோது விளக்கு போட்டிருந்தது. மணி ஏழு. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

"எழுப்பக் கூடாதா பிரியா?"

"தூங்கினு இருந்த. எதுக்கு எழுப்பறது?" அடுப்படியிலிருந்தே சொன்னாள். "நாளைக்கு ரெண்டாவது ஷிஃப்டுதான? காலையில போ."

ரக்ஷி இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

எட்டு மணி மாத்திரையை பிரியா வாங்கி வைத்திருந்த அட்டையிலிருந்து எடுத்துப் போட்டாயிற்று. இப்போது ஒன்பதாகப் போகிறது. அவர்கள் இருவரும் உள்ளே படுத்துவிட்டார்கள். நான் எழுதுவதற்கு விளக்கு வேண்டும், அவர்களுக்குக் கண் கூசும் என்று எழுந்து நடுக் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத" என்றாள் உள்ளேயிருந்து. "உன் சத்தம் எனக்குக் கேக்கணும்."